புகார் எண் நூற்றுப் பதினேழு

எங்கள் டாக்ஸி ஆபீசில் வாடிக்கையாளர்களுக்குப் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். அதற்குக் காரணம் திமிர் இல்லை, வயர்லெஸ். சித்தப்பா எந்தக் காலத்திலோ பாதி விலைக்கு வாங்கிப் போட்ட செட் அது. "பதினேழாம் நம்பர் வீடு, இரண்டாவது குறுக்குத் தெரு, தபால் பெட்டிக்கு எதிரே" என்று நான் இங்கே சொன்னால், வண்டியில் இருப்பவருக்கு "பதி... குறு... பெட்டி" என்று போய்ச் சேரும். அதனால் வழக்கமாக வண்டி கூப்பிடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு சின்னப் பெயர் வைத்துச் சுவரில் இருக்கும் கரும்பலகையில் எழுதியிருந்தோம். ‘மூணு பூனை’ என்றால் மருந்துக்கடை மாடியில் இருக்கும் அம்மா. ‘அஞ்சு நிமிஷம்’ என்றால், அஞ்சு நிமிஷம் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் காக்க வைக்கும் வக்கீல். ‘சில்லறை இல்ல’ யார் என்று விளக்க வேண்டியதே இல்லை.

அந்தப் பெயர்களில் பாதிக்கு மேல் நான் வைத்தவை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை, சும்மா இருப்பதற்கு இங்கே வந்து உட்காரட்டும் என்று சித்தப்பா கூட்டி வந்தார். ஆபீஸ் என்பது மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆனால் எனக்கு நிமிர வேண்டிய அவசியம் இருந்ததில்லை. எதிரே ஆள் வந்து நின்றால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மைக்கைப் பிடித்து அந்தக் கறுப்புப் பொத்தானை அமுக்கினால் மட்டும் எங்கிருந்தோ ஒரு குரல் வரும். அதனால் டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘மைக்கு’.

பட்டப்பெயருக்கு எங்களிடம் ஒரே ஒரு சட்டம்தான். சொல்வதற்கு முன்னால் "காலியா?" என்று கேட்க வேண்டும். வண்டியில் யாரும் இல்லை என்றால் டிரைவர் "காலி" என்பார். அப்புறம்தான் பெயர். ஆள் இருந்தால் "ஃபுல்" என்று சொல்லிவிட்டு, செட்டின் சத்தத்தைத் திருகிக் குறைத்துவிடுவார். ‘சில்லறை இல்ல’ பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு தன் பெயரைத் தானே கேட்டால் என்ன ஆகும் என்று சித்தப்பாவுக்குத் தெரியும்.

‘கரண்ட் கட்’ என்ற பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், மூணாம் நம்பர் ஓட்டும் ஹார்ன் அண்ணன் ஒரு புதுச் சவாரியை விட்டுவிட்டு வந்தார். ஹார்னில் கை வைக்காமல் அவரால் மூச்சு விட முடியாது.

"புது ஆளும்மா. பேக்கரி வாசல்லேருந்து பெரிய கட்டடம் வரைக்கும். தெனம் காலைல வேணுமாம். கண்ணு தெரியாது, கையில வெள்ளைக் குச்சி. பலகையில என்னன்னு போடறது?"

சரியாக அந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்தது. மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது. இருட்டில் யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது என்ற தைரியத்தில், "கரண்ட் கட்னு போடுங்க" என்றேன்.

அறையே குலுங்கியது. ஹார்ன் அண்ணன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எப்போதும் தலை கலையாமல் இருக்கும் ஏழாம் நம்பர் மாப்பிள்ளை, "ஐயோ மைக்கு, உன் வாய்க்குள்ள இதெல்லாம் வேற இருக்கா!" என்றான். நான் சொன்னதற்கு அத்தனை பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்காவை நான் பார்த்ததே இல்லை. காலை ஏழு நாற்பதுக்குத் தொலைபேசி அடிக்கும். "ஒரு வண்டி, பேக்கரி வாசல்" என்று சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் அவர் அதோடு விடமாட்டார். "என்ன, தொண்டை கட்டியிருக்கு? சுடுதண்ணி குடிச்சியா?" என்பார். "இன்னிக்கு யாரோ திட்டியிருக்காங்க, குரல்ல தெரியுது" என்பார். ஒருநாள் ஒன்றுமே இல்லாமல், "நீ பேசறது நல்லா இருக்கு. ரேடியோவுக்குப் போகலாம்" என்றார். அன்றைக்கு முழுவதும் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் முதுகு நேராகிக்கொண்டது. தலை இடித்தது. ஆனாலும் பலகையில் அவர் ‘கரண்ட் கட்’டாகவே இருந்தார். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் உண்மை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை கொட்டியது. மழை என்றால் ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டாக்ஸி ஞாபகம் வரும். இரண்டு தொலைபேசியும் மாறி மாறி அலறின. ஏழு நாற்பதுக்கு அக்கா கூப்பிட்டார், மூணாம் நம்பரை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ‘மூணு பூனை’ கூப்பிட்டு, ஒரு பூனைக்கு உடம்பு சரியில்லை, உடனே வண்டி வேண்டும் என்று அழுதார். மூணாம் நம்பர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பொத்தானை அமுக்கினேன்.

"மூணாம் நம்பர், கரண்ட் கட் ஏறியாச்சா? ஓவர்."

காலியா என்று கேட்கவில்லை.

அப்புறம் ஒரு பெண் குரல் வந்தது. எந்நாளும் கரகரவென்று இருக்கும் அந்தச் செட், அன்றைக்கென்று கண்ணாடி மாதிரி பேசியது.

"ஏறியாச்சு. பெல்ட்டும் போட்டாச்சு. ஓவர்."

மைக்கை மேஜையில் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த ‘மூணு பூனை’க்கு யார் போனார், பூனை என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

மழை விட்டதும் ஹார்ன் அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். "நான் என்ன பண்ணட்டும்? ஒரு லாரிக்காரன் குறுக்க வந்தான். அவனோட சண்டை போடற மும்முரத்துல செட்டைத் திருக மறந்துட்டேன். அந்தம்மா கையை நீட்டி ‘குடுங்க’ன்னாங்க. குடுத்துட்டேன்."

"அப்புறம் என்னடா சொன்னாங்க?" என்றார் சித்தப்பா.

"ஒண்ணுமே சொல்லல. அதான் பயமா இருக்கு. இறங்கும்போது ‘நல்ல பேர்’னு மட்டும் சொன்னாங்க."

மறுநாள் ஏழு நாற்பதுக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. ஏழு நாற்பத்தைந்துக்கு அடித்தது. பாய்ந்து எடுத்தேன். ‘அஞ்சு நிமிஷம்’. அதற்கு மறுநாளும் இல்லை. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ஒரு செய்தி கொண்டுவந்தான். அந்த அக்கா பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாராம்.

சித்தப்பா எல்லோரையும் கூட்டி நிற்க வைத்தார். அவருக்கு வாடிக்கை போன வருத்தம் இருந்தது. ஆனால் வெட்கம் அதைவிடப் பெரியதாக இருந்தது என்று அவர் காது சிவந்ததில் தெரிந்தது. "ஒரு மனுஷியைப் பத்திப் பேசற பேச்சாடா இது? இனிமே இந்த ஆபீஸ்ல யாரையும் அவங்க உடம்பை வெச்சுப் பேசக் கூடாது. எவனாவது நொண்டிச் சாக்கு சொன்னீங்க..."

"சித்தப்பா," என்றான் மாப்பிள்ளை. அவர் எல்லோருக்குமே சித்தப்பாதான். "நொண்டின்னு சொல்லிட்டீங்க."

சித்தப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். "சரி. சாக்கு சொல்லக் கூடாது. நான் பேசறப்ப ஏண்டா குறுக்க பேசறே, சொன்னது காதுல விழலையா, செவிட்டு..."

"சித்தப்பா."

அன்றிலிருந்து ஒரு வாரம் சித்தப்பா பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தால் ஒன்று குருடு வந்தது, இல்லையென்றால் செவிடு, முடம், ஊமை. இத்தனை வருடம் அதையெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. பாதி வசவில் நின்று, கையைக் காற்றில் ஆட்டி, "அட... தக்காளி!" என்று முடிப்பார். கோபம் இறங்காது. தண்ணீர் குடிப்பார்.

அதோடு விட்டாரா? பஸ்ஸில் ஒதுக்கிய இருக்கைக்கு மேலே எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, அக்கா மறுபடி கூப்பிட்டால் வயர்லெஸ்ஸில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார். "பார்வை மாற்றுத்திறனாளி அம்மையார் அவர்கள்." எட்டு டிரைவர்களும் வரிசையாகச் சொன்னார்கள். எங்கள் செட்டில் அது "பார்... மாற்... யார் அவர்கள்" என்று போய்ச் சேர்ந்தது.

"யாரு எவர்கள்? ஓவர்," என்று கேட்டார் ஹார்ன் அண்ணன்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. பெயரை வைத்தது யார் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பலகையில் எழுதியது ஹார்ன் அண்ணன் கை, சொன்னது என் வாய். இரண்டும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அக்காவுக்குத் தெரியாது. எனக்கு வாடிக்கையெல்லாம் வேண்டாம். காலை ஏழு நாற்பதுக்கு ஒரு குரல் ‘சுடுதண்ணி குடிச்சியா’ என்று கேட்க வேண்டும். அது போய்விட்டது.

இதற்கு நடுவில் எங்கள் வாசலில் குழாய் ஒன்று உடைந்து மூன்று வாரமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் மத்தியானம் சித்தப்பா தண்ணீர் ஆபீசுக்கு ஃபோன் செய்து கத்துவார். செவ்வாய்க்கிழமைக்கு முன்னாலேயே ஒருநாள் ரிசீவரை டமாரென்று வைத்துவிட்டு வந்து, "என்ன வாய் பாரு அந்தப் பொம்பளைக்கு! வாசல்ல ஆறா ஓடுது, உங்க ஆபீஸ்ல யாருக்கும் கண்ணே இல்லையான்னு கேட்டா, ‘எனக்கு இல்லைங்க, மத்தவங்களுக்கு இருக்கு, சொல்லிடறேன்’ங்கறா!" என்று குதித்தார். நாங்களும், என்ன திமிர் என்று தலையாட்டினோம்.

அடுத்த திங்கட்கிழமை சித்தப்பா ரிசீவரை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், என்னிடம் நீட்டினார். "நீ பேசு. என் வாயைத் திறந்தா என்ன வரும்னு எனக்கே இப்ப நம்பிக்கையில்ல." சொல்லிவிட்டுத் தண்ணீரைத் தாண்டிக் குதித்து டீ குடிக்கப் போய்விட்டார்.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"வணக்கம், தண்ணீர் புகார்ப் பிரிவு. தண்ணி வரலைங்களா, நிக்கலைங்களா?"

வணக்கம் என்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஏழு நாற்பது. ஆள் எதிரே நின்றதுபோல என் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. ரிசீவரை வைத்துவிடலாம். கைகூடக் கீழே போனது.

"ஹலோ? வரலையா, நிக்கலையா?"

"நி... நிக்கலை, மேடம்."

"காலைல அக்கா, மத்தியானம் மேடமா?"

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"உங்க வாசல் குழாய்தானே? தெரியும். மூணு வாரமா ஒருத்தர் தெனம் பீரங்கி மாதிரி வெடிக்கறார். ஆளுங்க இந்த வாரம் வருவாங்க. வேற புகார் இருக்கா?"

ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்கிற அதே தொனிதான். இல்லை என்று சொன்னால் முடிந்துவிடும்.

"இருக்கு."

"எதைப் பத்தி?"

"என்னைப் பத்தி."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. பிறகு, "இருங்க, படிவம் திறக்கறேன்" என்றார். அவருடைய கணினி, திரையில் இருப்பதைப் படபடவென்று வாய்விட்டு வாசித்தது. அவ்வளவு வேகத்தில் அது பேசியது எனக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது.

"புகார் குடுக்கறவங்க பேர்?"

சொன்னேன்.

"யார் மேல?"

அதே பெயரைச் சொன்னேன்.

"எத்தனை நாளா இந்தப் பிரச்சினை?"

"ரெண்டு வருஷமா."

"கசிவா, அடைப்பா, உடைப்பா? படிவத்துல இந்த மூணுதான் இருக்கு."

யோசித்தேன். "கசிவுன்னு நினைக்கறேன். எங்களுக்குள்ளயே இருந்துது, அன்னிக்குதான் வெளிய வந்துடுச்சு."

"வெளிய வராம இருந்திருந்தா பரவாயில்லையா?"

மின்விசிறி சுற்றுவது கேட்டது. "இல்ல," என்றேன். "உடைப்புன்னே போட்டுக்கோங்க."

டக் டக்கென்று அடித்தார். "உடைப்பு. பேர் வெச்சது யாரு? அந்த ஹார்ன் ஆளா?"

கதவைத் திறந்து வைத்து, தப்பித்துப் போ என்று சொல்வதுபோல இருந்தது. ஹார்ன் அண்ணனிடம் சொன்னால், ‘என் பேர்லயே போட்டுக்கோம்மா’ என்று சிரித்துவிட்டுப் போவார்.

"நான்தான்," என்றேன்.

அவருடைய கணினி ஏதோ சொல்லிவிட்டு அடங்கியது.

"நீயா?" என்றார் அக்கா. ‘ங்க’ போய்விட்டது. "நான் அன்னிக்கு வண்டியில உக்காந்து என்ன நினைச்சேன் தெரியுமா? யாரோ சொல்லிக் குடுத்ததை இந்தப் பொண்ணு சொல்லுதுன்னு. கேட்டுக் கேட்டுப் பழகின வார்த்தைங்கதான் எனக்கு. ஆனா குரல் உன்னோடதா இருந்துது. ஏன் வெச்சே?"

"சிரிச்சாங்க." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அதுக்கு முன்னாடி நான் சொல்லி யாரும் சிரிச்சதில்ல."

"ம்," என்றார். "நல்லாத்தான் வெச்சிருக்கே. முதல்ல எனக்கே சிரிப்பு வந்துது. ரெண்டு தெரு தாண்டினப்புறம் வரல."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும். அதற்கான சொல் வாய் வரை வந்து, வேறொரு கேள்வி அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. ஒரு வாரமாகப் பலகையைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி அது.

"அக்கா, எங்க வண்டி வந்து ஹார்ன் அடிக்கும். அந்தத் தெருவுல எல்லா வண்டியும்தான் ஹார்ன் அடிக்கும். அது எங்க வண்டின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றார். "ஒரு தடவை பெயிண்ட் கடை வேன்ல ஏறி உக்காந்துட்டேன். அந்த மனுஷன் பயந்து போய் ‘எந்தக் கலர் வேணும்?’ங்கறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் விழுங்கினேன். புரையேறி இருமினேன்.

"சிரி, சிரி. இது நான் சொன்னது," என்றார் அக்கா. "சரி, நீ ஏன் அதைக் கேட்டே?"

சொன்னேன். ‘அஞ்சு நிமிஷம்’ என்றால் டிரைவர் போகிற வழியில் டீ குடித்துவிட்டுப் போகலாம். ‘மூணு பூனை’ என்றால் ஏறியதும் கண்ணாடியை ஏற்ற வேண்டும். மற்ற பெயர்களில் டிரைவருக்கு ஏதாவது வேலை இருந்தது. அக்கா பெயரில் மட்டும் ஒன்றும் இல்லை. இரண்டு வருடமாக அவருக்குக் கண் தெரியாது என்று தினமும் வயர்லெஸ்ஸில் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறோம். ஒருவர்கூட இறங்கிப் போய், ‘டாக்ஸி வந்திருக்கு’ என்று அவரிடம் சொன்னதில்லை.

மறுபடி டக் டக்கென்று சத்தம். "குறிப்புல சேத்துட்டேன்," என்றார். குரலில் ஏதோ இளகியிருந்தது.

"என்ன பேர் வைக்கட்டும் அக்கா? உங்க பேரையே சொல்லலாம்னா, அதே பேர்ல பலகையில இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. சித்தப்பா ‘பார்வை மாற்றுத்திறனாளி அம்மையார் அவர்கள்’னு சொல்லச் சொல்றார்."

"அதை அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் நடந்தே ஆபீஸ் வந்துடுவேன்." சிரித்தார். "வார்த்தை தப்பில்லம்மா. நல்ல வார்த்தைதான், தேவைப்படற எடத்துல எழுதட்டும். ஆனா அதையும் எப்பப் பாத்தாலும் நெத்தியில ஒட்டிட்டா எப்படி? பஸ்ல ஏறினா ஒருத்தர் ‘பாவம், குருடி, எடம் விடுங்க’ன்னு அழுவாத குறையா கத்தறார். உங்க வண்டியில ஏறினா கரண்ட் கட். நடுவுல நான் எங்க போறேன், என்ன வேலை பாக்கறேன்னு யாராவது கேட்டீங்களா?"

இல்லை. பெரிய கட்டடத்தில் இறங்குவார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். தினமும் மத்தியானம் சித்தப்பா அதே கட்டடத்தோடு ஃபோனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க சித்தப்பாவுக்கு எங்க ஆபீஸ்ல என்ன பேர் தெரியுமா? பீரங்கி. நான்தான் வெச்சேன். என் யோக்கியதையும் அவ்வளவுதான். சரி, எழுதிக்கோ. புகார் எண் நூத்திப் பதினேழு. ஏழு நாள்ல சரி பண்ணணும். நேர்ல வந்து பாத்துட்டுதான் மூடுவோம்."

"யார் வந்து... பாப்பாங்க?"

"நான்தான். நானும் ‘பாக்கறேன்’னுதான் சொல்லுவேன், அதுக்கெல்லாம் முழிக்காதே."

ரிசீவரை வைத்த பிறகுதான், மன்னிச்சுடுங்க என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது.

சித்தப்பா டீ குடித்துவிட்டு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "அப்ப, அந்த ‘எனக்கு இல்லைங்க’... அது இவங்களா?" நான் தலையாட்டினேன். சித்தப்பா மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "தக்காளி," என்றார். இந்தத் தடவை அது தன்னையே திட்டிக்கொண்டது.

பலகையில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. உடம்பை வைத்து வைத்தவை நான்கு. நான்கையும் அழித்தேன். ‘ஒண்ணரைக் கால்’ என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த கடிகாரக்காரர் அடுத்த முறை கூப்பிட்டபோது, வண்டியில் அவருக்கு எது வசதி என்று கேட்டேன். "முன் சீட்டைப் பின்னால தள்ளி வெச்சா போதும்மா, காலை நீட்டிக்கணும்," என்றார். இத்தனை வருடம் அவரைப் பின்னால் மடக்கி உட்கார வைத்துக் கூட்டிப் போயிருக்கிறோம். அவர் பெயர் ‘முன் சீட்டு’ ஆயிற்று.

ஹார்ன் அண்ணனைப் பழக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பேக்கரி வாசல் மாதிரி ஆபீஸ் வாசலில் நிற்பான். அண்ணன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், ஹார்ன் அடிக்காமல் இறங்க வேண்டும், டாக்ஸி என்று சொல்ல வேண்டும், கதவு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். முதல் நாள் இறங்குவதற்கு முன்னால் பழக்கத்தில் கை போய் அடித்துவிட்டது. மாப்பிள்ளை துள்ளித் தண்ணீரில் விழுந்தான். அவன் தலை கலைந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தோம்.

ஆறு நாள் ஏழு நாற்பது சும்மாவே கடந்து போனது. ஏழாம் நாள் காலையில் சித்தப்பா, மாப்பிள்ளை, இன்னும் இரண்டு டிரைவர்கள், எல்லோரும் ஏதோ வேலை இருப்பதுபோல அந்தப் படிக்கட்டு அறைக்குள் திணித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

அடித்தது.

"ஒரு வண்டி. பேக்கரி வாசல்." அவ்வளவுதான். ஆனால் ரிசீவரை வைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு கையில் ரிசீவர், ஒரு கையில் மைக். "மூணாம் நம்பர், காலியா? ஓவர்."

"காலி. ஓவர்."

"புகார்ப் பிரிவு அக்கா, பேக்கரி வாசல். ஹார்ன் வேண்டாம். இறங்கிப் போய்ப் பேசுங்க. இடது பக்கக் கதவு. ஓவர்."

"புகார்ப் பிரிவு அக்கா, இறங்கி, இடது. ஓவர்."

தொலைபேசியில் கிளிக்கென்று சத்தம் கேட்டது. பிடித்ததா, பிடிக்கவில்லையா? ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டு நிமிடம். மாப்பிள்ளை சீப்பை எடுத்துச் சீவினான், மறுபடி சீவினான். செட் கரகரத்தது.

"ஆய்வு அறிக்கை," என்றது அக்காவின் குரல். "ஹார்ன் அடிக்கல. இறங்கி வந்தார். ஆனா ‘நான்தான் டாக்ஸி, நான்தான் டாக்ஸி’ன்னு போட்ட சத்தத்துல பேக்கரிக்காரர் ஓடி வந்துட்டார். இடது கதவுக்குப் பதிலா டிக்கியைத் திறந்தார். ஓவர்."

"பதட்டம்மா!" என்று பின்னால் ஹார்ன் அண்ணன் கத்துவது கேட்டது.

"அதனால புகாரை இப்ப மூட முடியாது," என்றார் அக்கா. "நாளைக்கும் வந்து பாக்கணும். ஏழு நாப்பது. ஓவர்."

பொத்தானை அமுக்கினேன். மைக்கைப் பிடித்தால் வருகிற அந்தக் குரல் வரவில்லை. என் சொந்தக் குரல்தான் வந்தது, பாதி உடைந்து. "மன்னிச்சுடுங்க அக்கா. ஓவர்."

"தொண்டை கட்டியிருக்கு," என்றார். "சுடுதண்ணி குடி. ஓவர்."

சித்தப்பா என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். தொண்டையைச் செருமினார். மூன்று வாரமாகக் கத்தியதற்கெல்லாம் சேர்த்து மரியாதையாக ஒன்று சொல்லப் போகிறார் என்று பார்த்தால், "மேடம், வணக்கம். அந்தக் குழாய்... இன்னும் ஒழுகுதுங்க. ஓவர்," என்றார்.

"யாரு, பீரங்கியா? ஓவர்."

வெளியே ஓடிக்கொண்டிருந்த ஐந்து வண்டிகளிலும் அது கேட்டது. ஐந்து வண்டிகளிலிருந்தும் சிரிப்பு ஒரே நேரத்தில் வந்து மோதியதில் அந்தப் பழைய செட் பாவம், விசில் மாதிரி கூவியது. அன்று சாயங்காலத்துக்குள் டிரைவர்கள் எல்லோரும் சித்தப்பாவை அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மாப்பிள்ளை சாக்பீஸை எடுத்துவந்து, பலகையில் எழுது மைக்கு என்று நீட்டினான்.

நான் வாங்கிக்கொண்டு, சித்தப்பாவிடம் திரும்பினேன். "எழுதட்டுமா சித்தப்பா?"

அவர் பலகையைப் பார்த்தார்.

"வேண்டாம்மா," என்றார்.

சாக்பீஸை டப்பாவில் போட்டு மூடினேன்.